டில்லியில் ஒரு பறவை வைத்தியசாலை

டில்லி மாநகருக்குச் செல்வோர் செங்கோட்டையைக் காணாது திரும்புவதில்லை. அக்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் வீதி தொடங்கும் இடத்தில், செந்நிறக் கற்களாலான சமணக் கோயிலொன்று நிமிர்ந்து நிற்கின்றது. மொகலாய மன்னன் ஷாஜகான் காலத்தில் தோன்றிய அக்கோயிலைச் சேர்ந்தாற்போல் ஒரு வைத்தியசாலை உண்டு. அங்குள்ள நோயாளர் யாவரும் பறவைகளே. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்துடன் வட இந்திய யாத்திரை மேற்கொண்டிருந்த நாம் அவ்விடத்துக்குச் சென்றது வேடிக்கை பார்ப்பதற்காகவன்று. எம் கையில் ஒரு மட்டைப்பெட்டி இருந்தது. அதனுள்ளே சிறகு அறுபட்ட புறாவொன்று கிடந்தது.

நடந்ததைக் கூறுவோம். ஆகஸ்ட் 15 இந்தியாவின் சுதந்திர தினம். அன்று பழைய டில்லிவாசிகள் மொட்டைமாடிகளில் ஏறிப் பட்டம் விடுவர். எங்கள் வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்கள் உருவ அழகினாலும் விண்ணின் கூவலினாலும் பெயர் பெறுவன. டில்லிப் பட்டமோ சிறியது. மற்றவன் பட்டத்தை அறுத்து வீழ்த்துவதே அதற்குப் பெருமை. அதன் பொருட்டு நூலிலே கண்ணாடித் தூளைப் பசையுடன் கலந்து பூசுவர். அதுவே மாஞ்சா நூல். நைலோன் நூலையும் கண்ணாடித் தூள் பூசிய நூலையும் டில்லி அரசு 2017 ஆம் ஆண்டிலேயே தடைசெய்திருந்தது. எனினும் சந்துகளில் அது கிடைக்கவே செய்தது. தடையை அறியாத நாமே, பதினொரு வயதான எம் மகனுக்கு ஒரு சுருள் வாங்கிக் கொடுத்தோம்.

மாலையில் புறாக் கூட்டமொன்று தலைக்கு மேலே வட்டமிட்டது. மகனுடைய நூல் ஒரு கணம் இறுகிப் பின் தளர்ந்தது. பக்கத்து மாடியில் ஒரு புறா வந்து வீழ்ந்தது. வானில் நூறு நூல்கள் இருந்தன. எவருடைய நூல் அறுத்ததென்று எவராற் கூறமுடியும்? அவ்வாறே மகனுக்குச் சொன்னோம். அவன் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நாமும் நம்பவில்லை.

மறுநாட் காலையில் விடுதிக்காரர் காட்டிய வழியே அவ்வைத்தியசாலையை அடைந்தோம். பாதணிகளை வெளியே கழற்றிவிட்டு உள்ளே சென்றோம். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் தொடங்கப்பெற்ற இவ்வறச்சாலை, 1957 ஆம் ஆண்டில் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது. கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. சுவரோரமாகச் சிறுசிறு கூடுகள் அடுக்கப்பட்டிருந்தன. புறாக்களே மிகுதி, கிளிகளும் மைனாக்களும் இடையிடையே இருந்தன. சிலவற்றின் சிறகு உடலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. மருந்தின் வாடையும் தானியத்தின் வாடையும் கலந்து வீசின.

எம் புறாவை வாங்கிய வைத்தியர் அதன் சிறகை விரித்துப் பார்த்தார். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய தோல் நீண்டிருக்கின்றது. பறவையைக் காற்றிலே தாங்குவதற்கு அத்தோல் இன்றியமையாதது. மாஞ்சா நூல் பெரும்பாலும் அவ்விடத்தையே கிழிக்கின்றது. தோல் மட்டும் கிழிந்தாற் காயம் ஆறும். தசைநாரும் அறுந்துவிட்டால் அப்பறவை மீண்டும் பறப்பது அரிது. “நார் தப்பியிருக்கிறது” என்றார் வைத்தியர். மகன் அப்போதுதான் எம் கையை விட்டான். குணமான பின் புறாவை எமக்குத் திருப்பித் தருவார்களா என்று வினவினோம். இங்கு ஒப்படைக்கப்பட்ட பறவை எவருக்கும் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லையென்றும், நலமுற்றதும் வானத்தில் விடப்படுமென்றும் விளக்கினார்கள்.

அவ்வேளை வாலிபனொருவன் துணியிற் சுற்றிய கரும்பருந்தொன்றைக் கொண்டுவந்தான். யாழ்ப்பாணத்தில் நாம் ‘பிராந்து’ என்போமே, அவ்வினம். சிறுவயதிற் பிராந்துப் பட்டம் கட்டி ஏற்றிய நாம், உயிருள்ள பிராந்தை அத்துணை அருகிற் கண்டது அன்றுதான். அதற்கும் நூற்காயமே. காயத்தைக் கழுவி மருந்திட்டார்கள். ஆனால் உள்ளே தங்கவைக்கவில்லை. ஊன் உண்ணும் பறவைகளை இங்கு தங்கவைப்பதில்லை என்பது நெடுநாள் விதி. கொல்லாமையை உயிராகக் கொண்ட சமணர் தம் அறச்சாலைக்குள் இறைச்சியைக் கொண்டுவருவது எங்ஙனம்? அன்றியும், பருந்தைக் கண்ட புறாக்கள் அஞ்சி நடுங்குமே!

“அப்பா, அப்படியென்றால் பிராந்துக்கு ஆர் சோறு போடுவது?” என்று மகன் கேட்டான்.

சோழர் தம் முன்னோனென்று போற்றிய சிபிச் சக்கரவர்த்தியின் கதையை வகுப்பிலே எத்தனை முறை சொல்லியிருப்போம்! புறாவைக் காத்த வள்ளல் என்றே சொல்லிவந்தோம். ஆனால், “என் உணவைப் பறித்தால் நான் பசியால் மடியேனோ?” என்று பருந்து கேட்டதும், அக்கேள்விக்கு விடையாகத்தானே மன்னன் தன் ஊனை அரிந்ததும் எமக்கு அன்றுதான் நெஞ்சிற் பதிந்தன. புறாவிடம் இரக்கங் கொள்வது எளிது. பருந்தின் பசியையும் எண்ணியமையே சிபியின் பெருமை.

மகனின் கேள்விக்கு டில்லியே விடை வைத்திருந்தது. அந்த வாலிபன் பருந்தை எடுத்துக்கொண்டு நகரின் வடபாகத்திலுள்ள வசீராபாத்துக்குப் புறப்பட்டான். நதீம், சவூத் என்னும் இஸ்லாமியச் சகோதரர் இருவர் அங்கே பருந்துகளுக்குப் பணிவிடை செய்துவருவதாகக் கூறினார்கள். பறவை வைத்தியத்திற் பட்டம் பெறாத அவர்கள், இளமையில் உடற்பயிற்சி பழகியபோது தசையையும் நாரையும் பற்றிக் கற்ற அறிவைக்கொண்டே இப்பணியைத் தொடங்கினர். வீட்டின் கீழ்த்தளத்திலே தொழில் செய்துகொண்டு ஆயிரக்கணக்கான பருந்துகளுக்கும் கழுகுகளுக்கும் கட்டுப்போட்டிருக்கின்றனர். பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை எறிந்து ஊட்டுவதைத் தருமமாகக் கொள்ளும் வழக்கமும் பழைய டில்லி முஸ்லிம்களிடையே உண்டு. இச்சகோதரரைப் பற்றிச் சௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் விவரணப்படம் 2022 ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது. பின்னாளில் அதனை வீட்டிலே குடும்பத்துடன் பார்த்தோம். இறைச்சிக் கழிவையும் செத்த எலியையும் தின்று மாநகரின் அழுக்கைக் குறைக்கும் அப்பறவைகள் அந்நகருக்குச் செய்யும் தொண்டு அப்போது விளங்கிற்று.

புறாவுக்கு ஓரிடம், பருந்துக்கு ஓரிடம். சிபி ஒருவனே சுமந்த துலாக்கோலை அந்நகரில் இரு சமயத்தார் இருபுறமும் நின்று தாங்குகின்றனர் என்று எமக்குத் தோன்றியது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. காயமுற்ற பறவையைக் கண்டால் மெல்லிய துணியினாற் போர்த்தி எடுங்கள். துளையிட்ட மட்டைப்பெட்டியில், இருளான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயிலே நீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலிற் புகுந்துவிடலாம். நூல் சிக்கியிருப்பின் இழுக்காது கத்தரியுங்கள். பின்னர், தாமதியாது மிருக வைத்தியரிடமோ வனசீவராசிகள் திணைக்களத்தாரிடமோ சேர்ப்பியுங்கள்.

டில்லியை விட்டுப் புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை வைத்தியசாலைக்குச் சென்றோம். கட்டுப்போட்ட சிறகுடன் எம் புறா தானியம் கொத்திக்கொண்டிருந்தது. மகன் மீதியிருந்த நூலை அன்றிரவே துண்டு துண்டாகக் கத்தரித்து எறிந்துவிட்டான். இப்பொழுது அவன் எம்மினும் உயரமாக வளர்ந்துவிட்டான். ஆண்டுதோறும் பொங்கல் கழிந்த மறுநாள், தோழர் சிலரைச் சேர்த்துக்கொண்டு வேம்பிலும் பனையிலும் சிக்கிய பட்ட நூல்களைக் கொக்கத்தடியினால் இழுத்தெடுத்து வருகின்றான். எவருடைய நூலென்று அவன் கேட்பதில்லை.