கம்பெனி பஸ்சும் ஸ்கூல் பஸ்சும்

1980களில் கெடாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து முச்சந்திக்கு விடியற்காலையில் இரண்டு பஸ்கள் வரும். பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்சில் ஏற ஒரு காசு தர வேண்டாம். சுங்கைப் பட்டாணியில் இருந்த இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பஸ்சுக்கு மாதம் பிறந்தால் பணம் கட்ட வேண்டும். அக்கா கம்பெனி பஸ்சில் ஏறினாள். அதனால்தான் நான் ஸ்கூல் பஸ்சில் ஏற முடிந்தது.

படிப்பு இலவசம் என்றுதான் பேர். 1962 முதல் தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. 1975 முதல் வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமும் இரவலாகக் கிடைத்தது. ஆனால் சீருடை, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் எங்கள் பாடு. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு முன் ரிமூவ் என்ற புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருக்க வேண்டியிருந்தது. அம்மாவோடு நெரைக்குப் போய் மங்கு துடைத்து, கட்டிப்பால் பொறுக்கக்கூடிய வயதில் ஒரு பிள்ளை கூடுதலாக ஒரு வருஷம் பள்ளியில் உட்கார்ந்தால், அந்த வருஷத்து வருமானமும் போச்சு. பால் நிறுத்துக் கூலி வாங்கும் வீட்டில் அது சின்னச் செலவு இல்லை.

அதைவிடக் கொடுமை, செலவு வரும் காலம். அப்போதெல்லாம் பள்ளி ஜனவரியில் திறக்கும். வாங்க வேண்டியதெல்லாம் அந்த மாதத்தில். அடுத்து பிப்ரவரி, மார்ச்சில் கெடாவில் ரப்பர் மரம் இலை கொட்டும், பால் குறையும். பஸ்காரருக்கு இலை கொட்டுவது கணக்கில்லை. கடைக்காரர் அரிசிக்குக் கடன் தருவார், பஸ் காசுக்குத் தரமாட்டார். அடகுக்கடையில் அம்மாவின் சங்கிலிக்கு மதிப்பு உண்டு. அக்காவின் மூளைக்கு எந்தக் கடையிலும் கடன் கிடையாது.

அக்கா எஸ்.ஆர்.பி. தேர்வில் தேறியிருந்தாள். படிவம் நான்குக்குப் போகலாம். ஒரு ராத்திரி அப்பா கணக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அக்காதான் சொன்னாள்: "நான் கம்பெனிக்குப் போறேன்பா. தங்கச்சி பஸ்சுக்கு நான் குடுக்குறேன்." பதினாறு வயது அவளுக்கு. அவளுடைய ஓ.டி. பணத்தில்தான் என் ஐந்தாம் படிவம் முடிந்தது.

பல வருஷம் கழித்து, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகளின் பொருளியல் புத்தகத்தைப் புரட்டும்போது ரிச்சர்ட் மஸ்கிரேவ் என்ற பெயரைப் பார்த்தேன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். 1959இல் வெளிவந்த அவருடைய பொது நிதி நூலில் 'தகுதிப் பண்டம்' என்று சிலவற்றைப் பிரிக்கிறார். மக்கள் தாமாக விரும்பி வாங்கும் அளவைவிட அதிகமாக அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அரசு கருதுபவை அவை. அவர் தரும் உதாரணங்களில் இலவசக் கல்வியும் பள்ளி மதிய உணவும் உண்டு. சரியான பேச்சுத்தான். ஆனால் அந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை: படிப்பின் பலன் தூரத்தில் இருப்பதால் மக்கள் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்களாம். தோட்டத்து ஜனங்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று இங்கே காலங்காலமாகச் சொல்லி வருவதும் அதே பேச்சுத்தான்.

அது உண்மையில்லை. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி வாங்கியவர்கள் இதே பால்மரம் சீவுகிறவர்கள்தான். அந்தப் பணத்தில் மறு வருஷமே எங்கள் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிள்ளைகளின் காலத்தை நினைக்காதவர்கள் செய்கிற காரியமா அது? நாளையைப் பற்றி அவர்களுக்குத் தெளிவு இருந்தது. இந்த மாதத்துக்கான பணம்தான் இல்லை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை யார் நடத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டரசில் இல்லை. ஆனாலும் தோட்டப் பள்ளி இங்கேயும் அதே வார்ப்புத்தான். சட்டம் சொல்லாமல் ஒரு தொரை ஏன் நல்ல பள்ளி நடத்துவார்? நன்றாகப் படித்த பிள்ளை தோட்டத்தை விட்டுப் போய்விடும். செலவு அவருடையது, பலன் வேறு எங்கோ. அதனால்தான் பல இடங்களில் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகப் பள்ளி நின்றது.

கம்பெனி பஸ் இலவசமாக வந்ததும் இதே கணக்கில்தான். பஸ்சுக்குக் கொடுக்கும் பணம் அன்றைக்கே வேலையாகத் திரும்பும் என்று தொழிற்சாலைக்குத் தெரியும். ஸ்கூல் பஸ்சின் பலனோ சிதறிப் போகிறது. நான் அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியாக வேலை பார்த்தேன். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன், கைக்குழந்தைகளுக்கு ஊசி போட்டேன், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுக் கட்டினேன். அவர்களில் ஒருவரும் என் பஸ்சுக்குக் காசு கொடுத்ததில்லை. அவர்கள் எல்லாருக்குமாக அக்கா ஒருத்தி கொடுத்தாள். ஊர் முழுதும் அனுபவிக்கிற ஒன்றுக்கு ஊர் முழுதும் சேர்ந்து கொடுக்க வேண்டும், அதைத்தான் அரசாங்கத்தின் கடமை என்கிறோம். வகுப்பறையோடு அந்தக் கடமை முடிந்துவிடாது. பிள்ளை வீட்டு வாசலை விட்டு இறங்கும்போதே அது தொடங்குகிறது.

அக்காவிடம் இதைப் பேசியிருக்கிறேன். "அப்ப யாராச்சும் பஸ் காசு குடுத்திருந்தா நானும் போயிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் விட்டுக்கொடுத்தும் சொல்லவில்லை.

இன்று எங்கள் கெடாவிலேயே, பீடோங் பக்கம் செமிலிங்கில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனம் நிறைகிறது. ஆனால் பதினாறு வயதில் நின்றுபோகிற பிள்ளைக்கு அந்த வாசல் எட்டாது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் ஆன பிறகும் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வேன் காசு பல வீடுகளில் இன்னும் மாதா மாதம் புரட்டுகிற காசுதான்.

பாக்கார் ஆராங்கில் என் வீட்டுப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பனுக்கு காண்டிராக்ட் வேலை. மூத்தவள் பெண், இளையவன் பையன். வேன் காசு நான் தருகிறேன் என்றதும், "தம்பிக்கு மட்டும் குடுங்க அக்கா, அது போதும்" என்றார். இரண்டு பேருக்கும் என்றால்தான் தருவேன், அவள் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் வந்து சரி என்றார்.