வரைபடத்தில் இல்லாத அறை

தில்லி மயூர் விகாரில் முதல் மாடி வீடு. எழுபதைத் தாண்டிய அந்தத் திருநெல்வேலிக்காரர் மத்திய அரசில் ஸ்டெனோவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் 1979 திட்டத்தில் பதிவு செய்துவிட்டு, குலுக்கலில் வீடு விழப் பல வருடங்கள் காத்திருந்தார். இப்போது முழங்கால் மக்கர் செய்கிறது. லிஃப்ட் கிடையாது. வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் மகனோடு போய் இருப்பது என்று முடிவாயிற்று.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பிடித்துப்போவது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறைதான். கிழக்குப் பார்த்த ஜன்னல், நல்ல காற்று. ஒரே சிக்கல், அனுமதி பெற்ற வரைபடத்தில் அப்படி ஓர் அறையே இல்லை.

ஊரில் தனியாக இருந்த அம்மாவை அழைத்து வருவதற்காக 1994-இல் கட்டியது. தில்லியின் இந்த மாதிரிக் குடியிருப்புகளில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. தரைத்தளத்துக்காரர் சம்மதித்தால்தான் தூண் எழும்பும். தூண் எழும்பினால்தான் மேலே இருப்பவர்களுக்கு அறை கிடைக்கும். கீழே பஞ்சாபி, மேலே வங்காளி, அதற்கும் மேலே மலையாளி. தேசிய ஒருமைப்பாடு இவ்வளவு உறுதியாக வேறெங்கும் கான்கிரீட் ஆகியிருக்காது. செலவை நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். அனுமதி வாங்கும் வேலை மட்டும் யார் பங்கிலும் விழவில்லை.

அம்மா அந்த அறையில் 11 வருடம் இருந்தார். எலுமிச்சை ஊறுகாய் ஜாடிகளை வெயிலில் வைத்தது அந்த ஜன்னலில்தான். கடைசியாகப் படுத்ததும் அங்கேதான். 2010 நவம்பரில் பக்கத்து லட்சுமி நகரில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர் இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய்த் தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரிசல் எதுவும் தென்படவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவருக்கு அந்த அறையில் தூக்கம் வந்ததில்லை.

"எல்லா வீட்லயும் இருக்கு, யார் கேட்கப் போறாங்க?" என்றார் தரகர். தில்லிக்கென்று 2006-இல் வந்து, பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2026 டிசம்பர் 31 வரை செல்லும் சிறப்புச் சட்டத்தையும் சொன்னார். அந்தச் சட்டம் சிலவகைக் கட்டுமானங்கள் மீதான நடவடிக்கையைத் தள்ளிவைக்கிறதே தவிர, அனுமதி தந்துவிடுவதில்லை. முறைப்படுத்தலாம் என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழ் வேண்டும், மற்ற மாடிக்காரர்களின் சம்மதம் வேண்டும். பஞ்சாபிக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகளுக்குள் சொத்துத் தகராறு. மலையாளி கனடாவில். இடித்துக் கொடுக்கவும் வழியில்லை. ஒரு மாடியில் கைவைத்தால் மேலே இரண்டு குடும்பங்களின் தரை ஆட்டம் காணும்.

கடைசியில் வந்தது ஒரு இளம் தம்பதி. வங்கிக் கடனை நம்பி வாங்குகிறவர்கள். கட்டட நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்பதாலோ, அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்பதாலோ விதிமீறல் சரியாகிவிடாது என்பதும் அதே தீர்ப்பு.

"நீங்களா போய் ஏன்ப்பா சொல்றீங்க? மதிப்பீட்டாளர் கண்டுபிடிச்சா அப்போ பார்த்துக்கலாம்" என்றான் மகன், போனில்.

"அந்தப் பொண்ணு மாசமா இருக்கா. குழந்தைக்கு அந்த ரூம்தான்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார் இவர்.

மறுநாள் தம்பதியைக் கூப்பிட்டு, மேஜை மேல் பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினார். அந்தப் பெண் வெகுநேரம் பேசவில்லை. கணவன் மட்டும், "தேங்க்ஸ் அங்கிள், யோசித்துச் சொல்கிறோம்" என்றான். மூன்று வாரம் சத்தமில்லை. பிறகு சொந்தமாக ஒரு பொறியாளரை அழைத்து வந்தார்கள். அவர் தூண்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இரும்பு துருப்பிடித்த இரண்டு இடங்களைப் பழுதுபார்க்க வேண்டும் என்றார். அந்த அறைக்குச் சல்லிக்காசு கணக்கில்லை என்ற விலையில் பேரம் முடிந்தது. மகனுக்கு இன்னும் கோபம்.

விற்பனை ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகத்தை அவர் மனைவிக்குத் தமிழில் படித்துச் சொன்னார். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு அனுமதி பெறாத பின்பக்கக் கட்டுமானம்.

"அது என்னதுங்க?" என்று கேட்டார் மனைவி.

"அம்மா ரூம்."