ஒரு சென்டிமீட்டர் எல்லை

சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு மாறுகிறார் என்ற அறிவிப்பு 2025 நவம்பர் 15ஆம் தேதி வந்தது. அன்று அதிகம் நிம்மதியடைந்தவர்கள் சென்னையிலும் இல்லை, திருவனந்தபுரத்திலும் இல்லை. கொழிஞ்சாம்பாறையிலும் கோவிந்தாபுரத்திலும் மூணாறிலும் இருந்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் வரையப்பட்டபோது கேரளத்துக்குள் நின்றுவிட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ரேஷன் கார்டு மலையாளத்தில், அம்மாவிடம் பேசுவது தமிழில், திட்டுவது இரண்டிலும்.

எல்லை ரசிகர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஐம்பதை நெருங்குபவர். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் தென்னந்தோப்புக்கு நடுவிலும் இருப்பார், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலும் இருப்பார். டீக்கடை பெஞ்சில் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. ஆளியாறு தண்ணீர் பற்றியோ முல்லைப் பெரியாறு பற்றியோ பேச்சு வந்தால் கவனமாக வாயை மூடிக்கொள்வார். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். விளையாட்டு என்று வந்தால் மட்டும் அவர் கட்சி சேரத் தயங்குவதில்லை. சிக்கல் என்னவென்றால், அவருக்கு எப்போதும் இரண்டு கட்சி.

சஞ்சு விவகாரத்தில் அவர் கணக்கு இது. இத்தனை வருஷமாக ஐபிஎல் வந்தால் மனசு மஞ்சள் சட்டை போட்டுக்கொள்ளும். ஆனால் ராஜஸ்தானுக்காக சஞ்சு இறங்கி நாலு சிக்ஸர் அடித்தால், பக்கத்து பெஞ்சு மலையாளிக்கு முன்னால் தானும் கைதட்டவேண்டியிருக்கும். இனி அந்த அவஸ்தை இல்லை. ஆனால் கொடுத்த விலை? ரவீந்திர ஜடேஜா. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர். கூடவே சாம் கரனும். சஞ்சுவுக்கு 18 கோடி. அதே 18 கோடியில் இருந்த ஜடேஜா 14 கோடிக்கு இறங்கி ராஜஸ்தான் போனார். பொள்ளாச்சிச் சந்தையில் உழுது பழகின மாட்டைக் கொடுத்துவிட்டு ஓட்டக் காளையைப் பிடித்துவந்த கதை என்கிறார் எல்லை ரசிகர். ஓட்டக் காளை ஓடினால் அழகுதான். ஓடாமல் படுத்துக்கொண்டால்?

அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் வைத்திருக்கிறார். 2024 அக்டோபரில் ஹைதராபாதில் பங்களாதேஷுக்கு எதிராக 47 பந்தில் 111. அடுத்து டர்பனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 107. அதற்கடுத்த இரண்டு ஆட்டத்திலும் பூஜ்யம். உடனே ஜோஹன்னஸ்பர்கில் ஆட்டமிழக்காமல் 109. ஐந்து இன்னிங்ஸில் மூன்று சதம், இரண்டு முட்டை. இப்படி ஆடுகிற ஒருவரை நம்பிக் கடன் வாங்கலாமா என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார். 2025இல் முதல் முறையாகக் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்த அணிக்கு இதைவிட நல்ல கேள்வி கேட்க யோக்கியதை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

வர்ணனை பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. வானொலியில் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலில் பந்து எல்லைக்கோட்டை நோக்கிப் போவதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவர். இப்போது டிவியில் தமிழும் வருகிறது, மலையாளமும் வருகிறது. சென்னை ஜெயிக்கும்போது தமிழ். தோற்கும்போது மலையாளத்துக்கு மாற்றிவிடுவார். அடுத்த மொழியில் தோற்றால் வலி கொஞ்சம் குறைவாம். அப்துல் ஜப்பார் 2020இல் காலமானதற்குப் பிறகு தமிழ் வர்ணனையில் ஆட்டத்தைவிட அரட்டை அதிகம் என்பது அவர் தீர்ப்பு. அதில் நியாயம் இருக்கிறது. பந்து எங்கே போனது என்று சொல்லாமல் சினிமா வசனம் சொல்வதற்குப் பெயர் வர்ணனை இல்லை.

ஐபிஎல் சொந்தமா என்றால் அது வாடகை வீடு. ரஞ்சி அப்படியில்லை. அங்கே தமிழ்நாடு, கேரளா என்றே பெயர். பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் ஒரு காலத்தில் ரஞ்சி ஆட்டங்கள் நடந்தன. அந்த நாளில் கேரளா என்றால் மற்ற அணிகளுக்கு ஓய்வுநாள் மாதிரி. தமிழ்நாடு 1954-55லும் 1987-88லும் கோப்பை வாங்கியது. அந்த இரண்டாவது கோப்பைக்குப் பிறகு வீட்டுக்கு எதுவும் வரவில்லை என்பதைச் சென்னைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். எல்லை ரசிகர் சொல்லிவிடுவார்.

2025 பிப்ரவரியில் கேரளா செய்தது வேடிக்கை. கால் இறுதியில் ஜம்மு காஷ்மீர் 280, கேரளா 281. ஆட்டம் டிரா, அந்த ஒரு ரன் கேரளாவைத் தூக்கிக்கொண்டு போனது. அரை இறுதியில் கேரளா 457. குஜராத் 455 வரை வந்துவிட்டது, கையில் ஒரு விக்கெட். நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் மோதி மேலே எழும்பி, ஸ்லிப்பில் நின்ற கேப்டன் கைக்குப் போனது. பழைய விதியில் இது அவுட்டே இல்லை. 2017இல்தான் ஹெல்மெட்டில் பட்டு வரும் கேட்சை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் மண்டையில் பட்ட பந்து ஒரு மாநிலத்தை முதல் முறையாக ரஞ்சி இறுதிக்கு அனுப்பியது. தேவிகுளத்துக்காரருக்குக் கூடுதல் குஷி, ஏனென்றால் கேப்டன் சச்சின் பேபி தொடுபுழைக்காரர், இடுக்கி மாவட்டம்.

நாகபுரியில் நடந்த இறுதிப் போட்டியில் அதே சச்சின் பேபி 98 ரன்னில் இருந்தபோது ஆசைப்பட்டுத் தூக்கி அடித்து, கருண் நாயர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். விதர்பா 379, கேரளா 342. ஆட்டம் டிரா, கோப்பை விதர்பாவுக்கு. 98ல் என்ன அவசரம் என்ற கேள்வி டீக்கடையில் இன்னும் தீரவில்லை. இதே விதர்பா கால் இறுதியில் தமிழ்நாட்டை 198 ரன்னில் தோற்கடித்திருந்தது. அதைப் பற்றிப் பெஞ்சில் யாரும் அதிகம் பேசவில்லை. 198 ரன்னில் தோற்பதில் பேச என்ன இருக்கிறது?

கால்பந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று முறை ஐ.எஸ்.எல். இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்றது, சென்னையின் எஃப்.சி. 2015லும் 2017-18லும் வாங்கிவிட்டது. ஆனால் கூட்டம் யாருக்கு? கொச்சிக்கு. 2025-26 பருவம் உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. அர்ஜென்டினா அணி கேரளத்துக்கு வரும் என்றார்கள், நவம்பரும் போய்விட்டது. டிசம்பரில் மெஸ்ஸி மட்டும் இந்தியா வந்தார், கேரளத்துக்கு வரவில்லை. கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கில் கொடுத்து உள்ளே போனவர்கள் அவரைச் சரியாகப் பார்க்க முடியாமல் பாட்டில் வீசினார்கள். எல்லை ரசிகருக்கு இதில் வருத்தம் இல்லை. பார்க்கவேண்டிய கால்பந்து வேறு இடத்தில் நடக்கிறது என்கிறார்.

அது மூணாறில் நடக்கும் ஃபின்லே ஷீல்டு. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதுகிற ஆட்டம். ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பெயர். தோட்டம் டாடாவுக்குக் கைமாறி, 2005இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களான கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி ஆயிற்று. ஷீல்டின் பெயரை யாரும் மாற்றவில்லை. காலையில் கொழுந்து மூட்டை சுமந்தவரோ ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்தவரோதான் சாயங்காலம் ஃபுல் பேக். லைனுக்கு வெளியே நிற்கிற அம்மாக்கள் சொல்கிற யோசனைகளை எந்தக் கோச்சும் தாங்கமாட்டார். அத்தனையும் தமிழில். மூணாறுத் தமிழ்ப் பெண்களின் குரல் நாட்டுக்குக் கேட்டது 2015 செப்டம்பரில், போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்தபோதுதான். மைதானத்துக்கு அது பழைய குரல்.

இந்த மைதானங்களிலிருந்து எத்தனை பேர் மேலே போனார்கள் என்று கேட்டால் பெஞ்ச் மௌனமாகிவிடும். ஆனால் கால்பந்தை விட்டு ஓட்டத்துக்கு வந்தால் கதை மாறும். கொம்பொடிஞ்சாலில் பிறந்த பீனாமோள் 2002 பூசான் ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். தம்பி பினு அதே போட்டியில் ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி. 2004 ஏதென்ஸில் 400 மீட்டரை 45.48 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்ததும் அந்தத் தம்பிதான். தொடுபுழை ஷைனி வில்சன் 1986 சியோலில் 800 மீட்டரில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், தன் ஓடுபாதையை விட்டுச் சீக்கிரம் உள்ளே நகர்ந்ததற்காகத் தகுதியிழந்தார். ராஜாக்காடு பக்கத்து முல்லக்கானத்தைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன், பாலக்காடு ரயில்வேயில் வேலை பார்த்தபடி, 2010 குவாங்ஜோவில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஐந்து நாள் கழித்து 5,000 மீட்டரில் வெள்ளி. தங்கத்துக்கும் அவருக்கும் இடையே 0.30 விநாடி.

இடுக்கியில் பிறந்து பாலக்காட்டில் உத்தியோகம். எல்லை ரசிகரின் இரண்டு ஊரும் ஒரே பெண்ணிடம் இருக்கின்றன. ஆனால் சஞ்சுவின் 18 கோடியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பையன்களிடம் பிரீஜா யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இந்த இடத்தில் மட்டும் எல்லை ரசிகருக்குக் கோபம் வருகிறது. அவர் கோபம் சரிதான், ஆனால் முழுக்கச் சரியில்லை. கிரிக்கெட் வருஷம் முழுக்க வீட்டுக்குள் வருகிறது. 10,000 மீட்டர் ஓட்டம் நாலு வருஷத்துக்கு ஒரு முறை அரைமணி நேரம் வருகிறது, அதையும் பாதியில் விளம்பரம் விழுங்கிவிடுகிறது. பையன்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பாலக்காட்டுக்காரர்கள் இதில் கொஞ்சம் மேல். முண்டூரும் பறளியும் பள்ளி விளையாட்டில் பெயர் வாங்கிய ஊர்கள். முண்டூர் பி.யு. சித்ரா 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கியும், லண்டன் உலகப் போட்டிக்கான அணியில் அவர் பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் சேர்க்கச் சொன்னது. சர்வதேச சம்மேளனம் கெடு தாண்டிவிட்டது என்று மறுத்தது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள் கோர்ட்டில் ஜெயித்து மைதானத்துக்குப் போகமுடியாமல் நின்றது டீக்கடையில் இன்னும் ஆறவில்லை.

ஆனால் எல்லை ரசிகரின் அசல் தலைவலி நீளம் தாண்டுதல். பாலக்காட்டு ஸ்ரீசங்கர் 2023 ஜூனில் புவனேஸ்வரில் 8.41 மீட்டர் தாண்டினார். அதற்கு மூன்று மாதம் முன்பு தூத்துக்குடி மாவட்டத்து முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 தாண்டித் தேசிய சாதனை படைத்திருந்தார். ஒரு சென்டிமீட்டர். இந்தப் பக்கம் மலையாளி, அந்தப் பக்கம் தமிழன், நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. 2022 பர்மிங்காமில் ஸ்ரீசங்கர் 8.08 தாண்டியபோது தங்கம் வாங்கிய பஹாமாஸ்காரரும் 8.08தான், இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்த்துத் தங்கத்தைக் கொடுத்தார்கள். அதே ஊரில் மும்முறைத் தாண்டலில் எல்தோஸ் பால் 17.03, அப்துல்லா அபூபக்கர் 17.02, இரண்டு பேரும் கேரளம். தமிழ்நாட்டின் பிரவீன் சித்திரவேல் 16.89 தாண்டி, மூன்று சென்டிமீட்டரில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அன்றைக்கு யாருக்காகச் சந்தோஷப்படுவது, யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் எல்லை ரசிகர் இரண்டு டீ குடித்தார்.

2024 ஏப்ரலில் ஸ்ரீசங்கருக்குப் பாலக்காட்டில் பயிற்சியின்போது முழங்கால் போயிற்று. பாரிஸ் ஒலிம்பிக்கும் போயிற்று. ஜெஸ்வின் பாரிஸ் போனார், இறுதிக்கு வரவில்லை. முன்னவர் 2025இல் மறுபடி குழியில் இறங்கியபோது, தமிழ் பேசும் பெஞ்சில் கைதட்டல் கேட்டது. 8.42ஐ அவர் தாண்டக்கூடாது, ஆனால் 8.42 வரை வரலாம் என்று ஒரு சமரசத் தீர்மானமும் நிறைவேறியது.

இதெல்லாம் பேச்சு. மூணாறில் இந்தப் பேச்சு முடிகிற இடம் வேறு. லயன் வீடு கம்பெனியுடையது. வேலையில் இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். அப்பா ரிட்டயர் ஆகி, வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலைக்குச் சேரவில்லை என்றால் குடும்பம் மூட்டை கட்டவேண்டும். சிலர் தேனிப் பக்கம், சிலர் திருநெல்வேலிப் பக்கம், தாத்தா விட்டுவந்த ஊருக்கு. பள்ளிக்கூடத்துக்காக ஓடி இடுக்கி மாவட்டச் சான்றிதழ் நாலு வைத்திருக்கும் பிள்ளை அங்கே போய் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டால், முதலில் இருப்பிடச் சான்று கேட்பார்கள். பிறந்தது கேரளம், படித்தது கேரளத்துத் தமிழ் மீடியம், ஓடியதும் கேரளத்துக்காக. அதற்கு எந்தத் தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பது என்று பெஞ்சில் கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். சஞ்சுவுக்கு ஒரு கையெழுத்தில் முடிந்துவிட்டது என்கிறார் எல்லை ரசிகர்.