தின்னர் வாசம்

நான் இரண்டாம் படிவம் படித்தபோது தேர்ச்சி அறிக்கையை வாங்க அப்பா பட்டறையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். சட்டையை மாற்றியிருந்தார். ஆனால், தின்னர் வாசம் சட்டையோடு போய்விடுவதில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற தோழி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுத்த ஆண்டிலிருந்து தேர்ச்சி அறிக்கை நாளை அம்மாவிடம் மட்டுமே சொன்னேன். பள்ளிப் பாரங்களில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'பெக்கெர்ஜா செண்டிரி', அதாவது சொந்தத் தொழில் என்று எழுதக் கற்றுக்கொண்டேன். அது பொய்யில்லை; ஆனால் மறைப்பதற்காக எழுதியது.

அப்பா கார்களுக்குச் சாயம் அடிப்பவர். பத்து பாகாட்டில் ஒரு பட்டறையின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தார். பெரும்பாலும் ஃபைபர் வேலைதான். இளைஞர்கள் தங்கள் வீராவுக்கும் கஞ்சிலுக்கும் மாட்டும் பம்பர், ஸ்கர்ட்டிங் போன்றவை கண்ணாடி இழையில் வார்த்து வரும். அவற்றுக்கு வண்ணம் கொடுப்பது அப்பாவின் பொறுப்பு.

பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு முடிந்திருந்த விடுமுறையில், பட்டறைக்கு ஒரு வித்தியாசமான கார் வந்தது. பழைய ஆங்கிலேயக் கார் போன்ற தோற்றம். உடல் முழுவதும் ஃபைபர். உரிமையாளர் இக்காலச் சாயம் வேண்டாம், அந்தக் காலத்து லேக்கர்தான் வேண்டும் என்றார். நிறம் அரக்கு. உதவியாள் ஊருக்குப் போயிருந்ததால் அப்பா என்னை அழைத்தார். ஆறு வாரம் அவரோடு நின்றேன்.

முதலில் மணல்தாளைத் தொடவே விடவில்லை. "அச்சில பூசின மெழுகு மேல இருக்கும் பாப்பா. கழுவாம தேய்ச்சா அது உள்ள போயிடும். அப்புறம் எந்தச் சாயமும் ஒட்டாது" என்றார். கழுவினோம். பிறகு தேய்த்தோம். ஃபைபரில் ஊசி முனையளவு காற்றுத் துளைகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பட்டி வைத்து அடைத்தோம். அதன்மேல் பிரைமர். அதன்மேல் லேக்கர், மெல்லிய பூச்சாக எட்டு முறை. ஃபைபர் சற்று வளைந்து கொடுக்கும், லேக்கர் வளையாது. தடிமனாக அடித்தால் நாளடைவில் சிலந்தி வலைபோல வெடித்துவிடும்.

லேக்கரைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். பருத்தி, மரக்கூழ் ஆகியவற்றின் செல்லுலோசை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்யப்படுவது அது. 1923இல் டூபோன்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற பெயரில் அதைக் கார்களுக்குக் கொண்டு வந்தது. அதுவரை வார்னிஷ் காய வாரக்கணக்கில் காத்திருந்த தொழிற்சாலைகளுக்கு அது பெரிய விடுதலை. 1953இல் ஃபைபர் உடலோடு வெளிவந்த செவர்லே கார்வெட் முதல் ஆண்டில் 300 மட்டுமே செய்யப்பட்டது. 1970களிலும் அந்தக் கார்களுக்கு லேக்கரே அடித்தார்கள். ஆங்கிலத்தில் 'லேக்கர்' என்னும் சொல்லுக்கு வேர் 'லாக்ஷா' என்னும் வடசொல். பூச்சிகள் சுரக்கும் அந்தப் பிசினைத்தான் நாம் அரக்கு என்கிறோம். பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையைப் பற்றித் தமிழ்ப்பள்ளியில் படித்திருக்கிறேன். அப்பாவின் லேக்கரும் அரக்கு இல்லைதான். ஆனால் தீப்பொறி பட்டால் அதுவும் அப்படியே எரியும்.

ஐந்தாம் பூச்சு அன்று பிற்பகலில் மழை கொட்டியது. அரக்கு நிறத்தின்மேல் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளை படர்ந்தது. நான் பதறிவிட்டேன்.

"எல்லாம் வீணாப் போச்சாப்பா?"

"சாயத்துக்குக் குளிருது பாப்பா. மழை விடட்டும், சரி பண்ணிடலாம்."

மறுநாள் வெயில் வந்ததும், மெதுவாக ஆவியாகும் தின்னரை அதன்மேல் பனிபோலத் தூவினார். வெள்ளை கரைந்து நிறம் திரும்பியது. தின்னர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. விரிவுரையில் இதற்குச் சமன்பாடு எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய அப்பா அதை 'குளிருது' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். அன்றுதான் அப்பாவின் வேலையை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன்.

அதே ஆறு வாரத்தில்தான் அவர் இரவில் இருமுவதையும் கவனித்தேன். முந்தைய ஆண்டுகளில் அதைப் 'புகை இருமல்' என்று நாங்கள் எல்லாரும் ஒதுக்கியிருந்தோம். மூன்றாம் ஆண்டில் தொழில் பாதுகாப்புப் பாடம் வந்தது. இக்காலக் கார்களுக்கு அடிக்கும் இரு பகுதிச் சாயத்தில், கெட்டிப்படுத்தக் கலக்கும் திரவத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்குப் பழிகொண்டுவிட்டால் மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். அது தீங்கு செய்யும் அளவில் மூக்குக்குத் தெரிவதுமில்லை. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசம் வேண்டும். அப்பா கட்டியிருந்தது கைக்குட்டை.

விரிவுரை முடியும்வரை என்னால் குறிப்பெடுக்க முடியவில்லை. தின்னரும் நல்லதில்லை, ஆனால் நான் வெட்கப்பட்ட அந்த வாசம் ஒன்று, அப்பாவின் நெஞ்சைக் கெடுத்தது வாசமே தெரியாத இன்னொன்று.

மருத்துவர் உறுதி செய்தார். இனி அந்தச் சாயத்தின் பக்கமே போகக்கூடாது என்றார். அரக்கு நிறக் கார்தான் அப்பா தம் கையால் முழுமையாக அடித்த கடைசிக் கார். இப்போது அவர் மெழுகு கழுவுகிறார், பட்டி வைக்கிறார், நிறம் கலந்து கொடுக்கிறார். தெளிக்கும் வேலையைக் குழாய்க் கவசம் அணிந்து உதவியாள் வேறொரு அறையில் செய்கிறார். வருமானம் குறைந்திருக்கிறது. அப்பா குறை சொல்லவில்லை. தெளிக்கும் துப்பாக்கியை மட்டும் வாரம் ஒருமுறை தாமே கழுவித் துடைத்து வைக்கிறார்.

இந்த ஆண்டு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது அதே கட்டம் வந்தது. 'துக்காங் சாட் கெரெத்தா', கார் சாயத் தொழிலாளி என்று எழுதினேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பட்டறைக்கோ தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் கையாளும் டின்னில் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். விடுமுறைக்குப் போகும்போது அதைப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பல ஆண்டுகள் அந்த டின்கள் என் கண்முன்னே இருந்தன. நான் படிக்கவில்லை.