விருதும் விருப்பமும்

ஒரு திரைப்படம் விருது பெற்றுவிட்டால் அதனைப் பற்றிப் பேசுவோரின் குரல் சற்றே மாறிவிடுகிறது. "உலகமே பாராட்டிய படம்" என்று ஒருவர் கூறிய பின், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லப் பெரியவர்களே தயங்குவர். சிறுவர் ஒருவர் அவ்வாறு கூறுவதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவோடு பொறுமையும் வேண்டும். தில்லியில் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டில் இவ்விரண்டையும் காணலாம்.

அவளுடைய பெற்றோர் திருநெல்வேலியிலிருந்து பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது தில்லியில்தான். வீட்டில் தமிழும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் அவள் செவியில் விழும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது அவ்வீட்டின் வழக்கம். படம் முடிந்ததும் அவள் தன் குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதுவாள். முதலாவது, படத்தின் பெயர். இரண்டாவது, அதனை மற்றவர்கள் பாராட்டும் காரணம். மூன்றாவது, தன் மனத்தை விட்டு அகலாத ஓர் இடம். முதல் இரண்டையும் பிறரிடம் கேட்டு எழுதிவிடலாம். மூன்றாவதை அவள்தான் தேட வேண்டும்.

குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இருப்பது ‘காக்கா முட்டை’. மணிகண்டன் இயக்கிய இப்படம் 2015-இல் திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த குழந்தைகள் திரைப்படத்துக்கான தேசிய விருதை இது பெற்றது. அண்ணனாகவும் தம்பியாகவும் நடித்த சிறுவர் இருவரும் தேசிய விருது பெற்றனர். சென்னையில் குடிசைப் பகுதி ஒன்றில் வாழும் அச்சிறுவர்கள், தாங்கள் விளையாடிய இடத்தில் புதிதாக எழுந்த கடையில் பீட்சா வாங்கித் தின்ன ஆசைப்படுகின்றனர். சரக்கு ரயிலிலிருந்து சிந்தும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கின்றனர்.

படத்தில் வரும் ‘இன்னா’, ‘கீது’ போன்ற சென்னைப் பேச்சு அவளுக்குப் புதிதாக இருந்தது. "இதுவும் தமிழ்தானா அப்பா?" என்று கேட்டாள். "நம் ஊரில் ‘ஏலே’ என்று கூப்பிடுவதைக் கேட்டால் சென்னைக்காரர்களும் இப்படித்தான் கேட்பார்கள் அம்மா" என்று அவர் சிரித்தார்.

பீட்சாவைச் சுவைத்த சிறுவர்கள், ஆயா சுட்ட தோசையே மேல் என்று கருதும் முடிவைப் பலரும் பாராட்டுவர். அவள் மனத்தில் நின்றது வேறோர் இடம். வசதியான வீட்டுப் பையன் ஒருவன், தான் தின்று மிச்சம் வைத்த பீட்சாத் துண்டைக் கொடுக்க வருகிறான். அண்ணன் அதனை ஏற்க மறுத்துவிடுகிறான். "ஆசையைக் காட்டும் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஆசை இருக்கும்போதே வேண்டாம் என்று சொல்லும் பையனை இதில்தான் பார்த்தேன்" என்று அவள் எழுதினாள். அதன் கீழே ஒரு கேள்வியும் இருந்தது: "அழுக்கு உடையைப் பார்த்துச் சிறுவர்களைக் கடை வாயிலில் தடுத்தவர்கள் பெரியவர்கள். அப்படியானால் இதைக் குழந்தைகள் படம் என்று மட்டும் சொல்வது ஏன்?"

விருது கொடுத்தவர்களும் அவளும் இப்படத்தைப் போற்றுகின்றனர். ஆயினும் அவள் போற்றும் காரணம் அவளுக்கே உரியது.

அடுத்து அவள் பார்த்தது சத்யஜித் ராய் இயக்கிய ‘பதேர் பாஞ்சாலி’. 1955-இல் வெளிவந்த இவ்வங்கப் படம் 1956-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் ‘சிறந்த மனித ஆவணம்’ என்னும் பரிசைப் பெற்றது. சிற்றூரில் வறுமையில் வாழும் ஒரு குடும்பமும், அதில் வளரும் துர்கா, அப்பு என்னும் அக்காவும் தம்பியுமே கதையின் உயிர். வங்க மொழி அறியாத அவள், திரையின் அடியில் வந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டே படம் பார்த்தாள். முதல் அரை மணி நேரத்தில் இருமுறை கடிகாரத்தை நோக்கினாள். "படம் மிக மெதுவாக நகர்கிறது" என்று மறைக்காமல் எழுதினாள்.

வெண்ணிறப் பூக்கள் நிறைந்த நாணற் புல்வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைக் காண ஓடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் மறுநாள் பள்ளிப் பேருந்தில் அமர்ந்திருந்தபோது அவள் நினைவில் வந்தது அக்காட்சி அன்று. பக்கத்து வீட்டு மணிமாலையைத் துர்கா திருடிவிட்டாள் என்று முன்பு ஒரு பழி எழுந்திருந்தது. துர்கா காய்ச்சலில் இறந்த பின், ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில் அந்த மாலை அப்புவின் கையில் கிடைக்கிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஓடிச்சென்று குளத்தில் எறிந்துவிடுகிறான். நீரின்மேல் படர்ந்த பாசி விலகி, மாலை மூழ்கியதும் மெல்ல மூடிக்கொள்கிறது.

"அக்கா இறந்த பிறகும் அவள் பெயரைத் தம்பி காப்பாற்றினான்" என்று அவள் எழுதினாள். தமிழாசிரியர் குறிப்பேட்டைப் படித்துவிட்டு, "மெதுவாக நகர்கிறது என்கிறாய், மறக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இவற்றுள் எது உன் கருத்து?" என்று கேட்டார். "இரண்டும்தான் சார்" என்றாள் அவள். ஆசிரியர் எதையும் அடிக்கவில்லை.

புகழ்பெற்ற படங்களைப் பற்றிப் பெரியவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. நடிகை நர்கிஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த 1980-இல், ராயின் படங்கள் இந்தியாவின் வறுமையை வெளிநாட்டாருக்குக் காட்டுகின்றன என்று குறை கூறினார். அதனைப் பலர் மறுத்தனர். சத்யஜித் ராயும் முதலில் ஓர் இளம் பார்வையாளராகவே இருந்தார். 1947-இல் நண்பர்களோடு கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1948-இல் இந்தியப் படங்களின் குறைகளை ஆராய்ந்து ஒரு நாளிதழில் கட்டுரை எழுதினார். அப்போது அவர் ஒரு படத்தையும் இயக்கியிருக்கவில்லை. கூர்ந்து பார்த்தலும், பார்த்ததை எழுதுதலும் அவருக்குப் பயிற்சியாக அமைந்தன.

மூன்றாவது படத்தில்தான் அவளுக்கு உண்மையான சோதனை வந்தது. பாலு மகேந்திரா இயக்கிய ‘வீடு’ 1988-இல் வெளிவந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கும், சிறந்த நடிகையான அர்ச்சனாவுக்கும் எனத் தேசிய விருதுகள் இரண்டு பெற்றது. வாடகை வீட்டில் தங்கையோடும் தாத்தாவோடும் வாழும் சுதா என்னும் பெண், சென்னையில் ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள். பணத் தட்டுப்பாடும் ஒப்பந்தக்காரரின் ஏமாற்றும் அவளை அலைக்கழிக்கின்றன. இறுதியில் அந்நிலமே குடிநீர் வாரியத்துக்கு உரியது என்று கூறப்படுகிறது. வழக்கின் முடிவுக்காக அவள் காத்திருப்பதோடு படம் நிறைவுறுகிறது.

இது அப்பாவுக்கு மிகவும் பிடித்த படம். அவர்கள் தில்லியில் நான்கு முறை வாடகை வீடு மாறியவர்கள். படம் முடிந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எப்படி இருந்தது அம்மா?" என்று மகளிடம் கேட்டார். "நன்றாக இருந்தது" என்று சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எனக்கு முடிவு பிடிக்கவில்லை அப்பா. இவ்வளவு துன்பப்பட்டவருக்கு வீடு கிடைத்ததா இல்லையா என்றே சொல்லவில்லையே" என்றாள்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா சினம் கொள்ளவில்லை. "உன் மனத்தில் நின்ற இடம் எது?" என்று கேட்டார். "பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா வருகிறாரே, சுவரைத் தடவிப் பார்க்கிறாரே, அந்த இடம். அதற்குப் பின் அவர் உயிரோடு இருக்கவில்லை."

"எனக்கும் அதுதான்" என்றார் அப்பா. அன்றிரவு அவர் தம் தந்தையைப் பற்றிப் பேசினார். ஊரில் அரைச்சுவரோடு நின்றுபோன வீட்டைத் தாத்தா நாள்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்ததையும், கட்டி முடிக்குமுன்பே அவர் மறைந்ததையும் மகள் அன்றுதான் முதன்முதலாக அறிந்தாள். "நன்றாக இருந்தது" என்று அவள் சொல்லியிருந்தால் அப்பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் அவள் குறிப்பேட்டில் தன் கருத்தை மாற்றாமல் எழுதினாள்: "முடிவு எனக்கு நிறைவு தரவில்லை." அதன் கீழே இன்னொரு வரியையும் சேர்த்தாள்: "வீடு கட்டுவோர் பலரும் இப்படிக் காத்திருப்பவர்களே; ஆகவே இதுவே சரியான முடிவு என்பது அப்பாவின் கருத்து." இரு கருத்துகளும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கின்றன.

விருது என்பது ஒரு குழுவினர் கூடிப் பார்த்து வழங்கும் தீர்ப்பு. அதனை மதித்தல் வேண்டும். ஆயினும் நம் கண்ணுக்கு மாற்றாக அதனைக் கொள்ளுதல் இயலாது. பிடித்தது என்றாலும் பிடிக்கவில்லை என்றாலும், படத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டிக் காரணம் கூறுவோரின் சொல்லைப் பிறர் செவிசாய்த்துக் கேட்பர். அவ்வாறு கூறுவோருக்குப் பிறர் கருத்தைக் கேட்கும் பொறுமையும் நாளடைவில் வந்து சேரும்.

பயிற்சி

1. ‘காக்கா முட்டை’ படத்தில் மாணவியின் மனத்தில் நின்ற இடம் எது? காரணம் என்ன?
2. "இரண்டும்தான் சார்" என்று மாணவி கூறியதன் பொருளை விளக்குக.
3. ‘வீடு’ படத்தின் முடிவு பற்றி மகளும் தந்தையும் கொண்ட கருத்துகளை ஒப்பிடுக. உம் கருத்து யாது?
4. நீவிர் பார்த்த, பலரும் பாராட்டிய படம் ஒன்றில் உம் மனத்தை விட்டு அகலாத ஓர் இடத்தைப் பத்து வரிகளில் எழுதுக. அதனை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் கூறும் கருத்தையும் கீழே எழுதுக.