அப்பத்தாவின் அழைப்பொலி

நுழையும்முன்

எழுத்தை அறியாதவரும் ஒலியை அறிவர். கண்ணால் படிக்க இயலாத பெயரைக் காதால் படிக்க முடியுமா? இடுக்கி மாவட்டத்து மலைத்தோட்டம் ஒன்றில் வாழும் மூதாட்டிக்காக அவருடைய பேத்தி செய்த சிறு முயற்சி, இவ்வினாவிற்கு விடை தருகிறது.

ஒலிகளின் ஊர்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீருமேடு வட்டத்தில் அமைந்துள்ளது ஏலப்பாறை. பெயரிலேயே ஏலத்தைத் தாங்கிய அவ்வூரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைகளில் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிராயின. அவற்றை வளர்க்க மதுரை, தேனி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மலையேறி வந்தன. அவர்களுடைய பெயரன்களும் பேத்திகளும் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை லயம் என்பர். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த வீடுகள் அவை. ஒரு வீட்டில் தாளிக்கும் ஓசை மறு வீட்டில் கேட்கும். மூடுபனி இறங்கிவிட்டால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. ஆகவே அங்கு வாழ்வோர்க்குக் காதே கண்ணாக விளங்குகிறது. விடியலில் ஒலிக்கும் சங்கு, வேலைக்குப் புறப்படுமாறு கூறும். கோயில் மணி பூசையை அறிவிக்கும். தப்பின் அடி, அது திருவிழாவா இழவா என்று உரைக்கும். வளைவில் திரும்பும் ஜீப்பின் ஒலிப்பானைக் கேட்டே, வருவது யாருடைய வண்டி என்று கூறிவிடுவோரும் உண்டு.

அத்தகையவர்களுள் ஒருவர் அந்த அப்பத்தா. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகள் அவருடையவை. பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைய மகன், தாம் பயன்படுத்திய திறன்பேசியை அவருக்குக் கொடுத்திருந்தார். பச்சை நிற வட்டத்தைத் தள்ளினால் பேசலாம் என்பதை அப்பத்தா கற்றுக்கொண்டார். அழைப்பவர் பெயர் திரையில் தோன்றும். அவருக்கோ அது வெறும் கோடுகளும் சுழிகளுமே.

கேளாமற்போன குரல்

ஆடி மாதத்து இரவு அது. தகரக் கூரைமீது மழை ஓயாது பெய்துகொண்டிருந்தது. கைபேசி ஒன்று ஒலித்தது. லயத்தில் இருந்த கைபேசிகளுள் பெரும்பாலானவை, கடையிலிருந்து வாங்கியபோது அமைந்திருந்த ஒரே ஒலியையே எழுப்புபவை. "பக்கத்து வீட்டில் அடிக்கிறது போலும்" என்று எண்ணி அப்பத்தா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அது மூன்று முறை ஒலித்து ஓய்ந்தது.

கம்பத்திலிருந்து வந்த அழைப்பு அது. அப்பத்தாவின் அக்கா நோயுற்றுப் படுத்திருந்தார். தங்கையிடம் ஒரு வார்த்தை பேச விரும்பியதால், அவருடைய மகள் மூன்று முறை அழைத்திருந்தார். விடிவதற்குள் அக்காவின் உயிர் பிரிந்தது. காலையில் மேட்டுக்குச் சென்றபோதுதான் அலைவரிசை கிடைத்து, மூத்த மகனின் கைபேசிக்குச் செய்தி வந்தது. குட்டிக்கானம், வண்டிப்பெரியாறு, குமுளி எனப் பேருந்து மாறி மாறிக் கம்பம் சென்று சேர்ந்தார் அப்பத்தா. அக்காவின் முகத்தைப் பார்க்க முடிந்தது. குரலைத்தான் கேட்க முடியவில்லை.

ஊர் திரும்பியபின் அவர் எவரையும் குறை கூறவில்லை. ஒருநாள் மாலை, எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம் மட்டும் சொன்னார்: "தாயி, அது என்னைத்தான் கூப்பிட்டது என்று தெரிந்திருந்தால் எழுந்திருப்பேனே."

அச்சொல் சிறுமியின் நெஞ்சில் தைத்தது. அப்பத்தாவிற்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தாள். அதற்குக் காலம் பிடிக்கும். அடுத்த அழைப்போ எப்போது வரும் என்று எவர் அறிவார்? ஜீப்பின் ஒலிப்பானைக் கேட்டே வண்டியை அறியும் அப்பத்தாவிற்கு, ஆளுக்கோர் ஒலியைக் கைபேசியில் அமைத்துக் கொடுத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

மணியோசை வந்த வழி

அழைப்பைச் செவிக்கு உணர்த்துவது தொலைபேசியோடு தொடக்கத்திலிருந்தே இணைந்த ஒரு சிக்கல். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், மறுமுனையில் இருப்பவரை அழைப்பது எங்ஙனம்? அவருடைய உதவியாளர் தாமஸ் வாட்சன் உருவாக்கிய மின்மணி அதற்கு வழிசெய்தது. அதன்பின் பல பத்தாண்டுகள், தொலைபேசி என்றாலே 'கிணிங் கிணிங்' என்னும் மணியோசைதான்.

கைபேசி வந்தபின் மணியின் இடத்தை இசை பிடித்தது. ஸ்பெயின் நாட்டுக் கிதார்க் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902இல் இயற்றிய 'கிரான் வால்ஸ்' என்னும் இசையின் ஒரு சிறு பகுதியை, பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 1994இல் தன் கைபேசியின் அழைப்பொலியாக அமைத்தது. அடுத்த ஆண்டு, 1995 ஜூலை 31 அன்று, இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. கேரளத்தின் முதல் கைபேசி அழைப்பில், 1996 செப்டம்பர் 17 அன்று, கொச்சியிலிருந்து பேசியவர் 'செம்மீன்' புதினத்தின் ஆசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை ஆவார்.

அக்காலக் கைபேசிகள் சில சுரங்களை மட்டுமே ஒலித்தன. இன்றைய திறன்பேசியோ பதிவு செய்த எந்த ஒலியையும் அழைப்பொலியாக ஏற்கும். மாட்டு மணியும் தாயின் குரலும்கூட அதில் அழைப்பாக ஒலிக்கலாம்.

கணினியில் ஒரு மாலை

பக்கத்து வீட்டு அண்ணனிடம் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. அதில் 'ஆடாசிட்டி' என்னும் கட்டற்ற மென்பொருளை அவர் நிறுவியிருந்தார். 2000ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்புச் செயலி அது.

முதலில் சிறுமி உறவினர்களிடமிருந்து ஒலிகளைத் திரட்டினாள். திருப்பூர்ச் சித்தப்பா தம் குரலையே பதிந்து அனுப்பினார்: "அம்மா, நான்தான் சின்னவன்." கம்பத்து அத்தை, தம் வீட்டு மாட்டின் கழுத்து மணியோசையை அனுப்பினார். தோட்டத்து மருந்தகத்திற்குப் பழைய தொலைபேசியின் மணியோசை என முடிவாயிற்று. அவளுடைய தந்தை, "எனக்குத் தப்பு ஓசையே வேண்டும்" என்று விரும்பிக் கேட்டார்.

கணினித் திரையில் ஒவ்வோர் ஒலியும் மலைத்தொடர் போல ஏறி இறங்கும் அலைவடிவமாகத் தோன்றியது. சித்தப்பாவின் பதிவில் முதல் மூன்று வினாடிகள் தட்டையான கோடாகவே இருந்தன. அது வெறும் மௌனம். அதை அப்படியே விட்டால், கைபேசி அழைக்கத் தொடங்கியும் மூன்று வினாடிகள் ஒலி எழாது. ஆகவே அப்பகுதியை வெட்டி நீக்கினாள். எடுத்துப் பேசும் வரையில் அழைப்பொலி திரும்பத் திரும்ப ஒலிக்கும் என்பதால், முடிவும் தொடக்கமும் உறுத்தாமல் இணையுமாறு இறுதியில் சிறிது இடைவெளி விட்டாள்.

அடுத்து, ஒலியைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலியைப் பதியும்போது, ஒரு வினாடிக்கு 44,100 முறை அதன் அளவு குறிக்கப்படுகிறது. அவ்வாறு பதிந்த 30 வினாடி ஒலி ஏறத்தாழ 5.3 மெகாபைட் இடத்தை அடைக்கும். 'எம்பி3' என்னும் வடிவம், செவி எளிதில் உணராத நுண்கூறுகளைக் குறைத்து, வினாடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் அதையே 480 கிலோபைட்டாகச் சுருக்கிவிடும். எனவே எல்லா ஒலிகளையும் எம்பி3 கோப்புகளாக மாற்றி, ஒவ்வொன்றிற்கும் உரியவர் பெயரைச் சூட்டினாள்.

பின்னர்க் கைபேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்தாள். கைபேசி மின்னேற்றம் மட்டுமே பெற்றது. அதன் உள்ளடக்கம் கணினியில் தெரியவில்லை. கைபேசித் திரையின் மேற்பகுதியைக் கீழே இழுத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுத்தபின் அது தெரிந்தது. கண்ணில் பட்ட முதல் கோப்புறையில் ஒலிகளை இட்டாள். அழைப்பொலிப் பட்டியலில் அவை தென்படவில்லை. 'ரிங்டோன்ஸ்' என்னும் கோப்புறைக்கு அவற்றை மாற்றியதும் பட்டியலில் தோன்றின. இது ஆண்ட்ராய்டு திறன்பேசிகளுக்குரிய முறை. ஐபோன்களில் முன்பு 'எம்4ஆர்' என்னும் வேறு வடிவில் கோப்பை அமைக்க வேண்டியிருந்தது.

இறுதியாக, தொடர்புகள் பகுதியில் ஒவ்வொருவர் பெயரையும் திறந்து, அவருக்குரிய அழைப்பொலியை அமைத்தாள். பெயரறியாதோர் அழைப்பிற்குப் பழைய ஒலியையே விட்டுவைத்தாள். "பழைய சத்தம் கேட்டால் வருவது அந்நியர், அப்பத்தா. விருப்பமிருந்தால் எடுங்கள்" என்றாள். ஏமாற்று அழைப்புகள் மலிந்த இக்காலத்தில் அதுவும் ஒரு காவலாயிற்று.

சோதித்துப் பார்த்தபோது ஒரு குறை வெளிப்பட்டது. தந்தையின் தப்பு ஓசை, விரலால் மேசையைத் தட்டுவது போல மெலிந்து ஒலித்தது. கைபேசியின் ஒலிபெருக்கி மிகச் சிறியது. தாழ்ந்த ஓசையை எழுப்பத் தேவையான அளவு காற்றை அதனால் அசைக்க முடியாது. மேலும், 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிகளையே மனிதச் செவி மிகக் கூர்மையாக உணர்கிறது. மாட்டு மணி மழையிலும் தெளிவாகக் கேட்டதற்கும் தப்பு தோற்றதற்கும் இவையே காரணங்கள். தந்தை சிரித்துக்கொண்டே, மாலையில் வீட்டை நெருங்கும்போது தாம் எழுப்பும் சீழ்க்கையைப் பதியச் செய்தார்.

ஒரு குரல் மட்டும்

பணி முடியும் வேளையில், தந்தையின் கைபேசியில் பழைய குரற்செய்தி ஒன்று கிடைத்தது. பொங்கலுக்கு முன் கம்பத்திலிருந்து வந்தது அது. "தங்கச்சி, இந்தப் பொங்கலுக்காவது வந்துவிடு. உனக்காக முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன்." மறைந்த பெரிய அப்பத்தாவின் குரல்!

சிறுமி மகிழ்ச்சியோடு அதையும் எம்பி3 ஆக மாற்றினாள். கம்பத்து அத்தை அழைக்கும்போதெல்லாம் மாட்டு மணிக்கு மாறாக இக்குரலே ஒலிக்கட்டும் என்று அமைத்து, அப்பத்தாவிடம் அழைத்துக் காட்டினாள்.

அறை முழுவதும் அக்குரல் ஒலித்தது. அப்பத்தா அசையாமல் நின்றார். பச்சை வட்டத்தின் அருகே சென்ற விரல் அப்படியே நின்றுவிட்டது. குரல் இரண்டாம் முறையும் ஒலித்து ஓய்ந்தது.

"ஏன் எடுக்கவில்லை, அப்பத்தா?"

"எடுத்தால் அக்கா பேச்சு பாதியில் அறுந்துபோகுமே, ஆத்தா. ஒருமுறை அவளைப் பேசவிடாமல் செய்துவிட்டேன். இனிமேல் என் கையால் அதைச் செய்ய மாட்டேன்."

அப்போதுதான் சிறுமிக்கு ஓர் உண்மை விளங்கியது. அழைப்பொலி பாதியில் நிறுத்தப்படுவதற்கென்றே அமைந்த ஒலி. மணியை நிறுத்தலாம்; சீழ்க்கையை நிறுத்தலாம். முழுமையாகக் கேட்க வேண்டிய குரல்களுக்கு அது இடமன்று. அவள் கேபிளை மீண்டும் இணைத்தாள். ரிங்டோன்ஸ் கோப்புறையிலிருந்து அக்குரலை எடுத்து, 'அக்கா' என்னும் தனிக் கோப்புறையில் வைத்தாள். கணினியிலும் ஒரு படி சேமித்தாள். கம்பத்து அத்தைக்கு மாட்டு மணியே திரும்பியது. தனிக் கோப்புறையைத் திறப்பது எப்படி என்று அப்பத்தாவின் விரலைப் பிடித்துப் பலமுறை பழக்கினாள். அவ்வாறு பழகுகையில், 'அக்கா' என்னும் மூன்றெழுத்தின் வடிவம் அப்பத்தாவின் கண்ணிலும் பதிந்தது. அவர் படித்த முதற்சொல் அது.

சில நாள்கள் சென்றன. மீண்டும் ஒரு மழை இரவு. கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. லயத்தில் எங்கோ ஒரு கைபேசி பழைய ஒலியில் அடித்தது. அப்பத்தா திரும்பியும் பார்க்கவில்லை. சற்று நேரத்தில், மழையைக் கிழித்துக்கொண்டு மாட்டு மணி ஒலித்தது. போர்வையை விலக்கி எழுந்து, இரண்டாம் மணிக்குள் கைபேசியைக் காதில் வைத்தார்.

"சொல்லு மகளே, நான்தான் சின்னம்மா பேசுகிறேன்."

சொல்லும் பொருளும்

அழைப்பொலி – ரிங்டோன்
லயம் – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்
தப்பு – பறை வகையைச் சார்ந்த தோற்கருவி
சீழ்க்கை – வாயால் எழுப்பும் விசில் ஒலி
அப்பத்தா – தந்தையின் தாய்

பயிற்சி

1. லயத்தில் வாழ்வோர்க்குக் காதே கண்ணாக விளங்குவது எவ்வாறு?
2. தப்பு ஓசை கைபேசியில் மெலிந்து ஒலித்ததற்குரிய காரணங்களை எழுதுக.
3. கணினியிலிருந்து திறன்பேசிக்கு அழைப்பொலியை மாற்றும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
4. அக்காவின் குரலை அழைப்பொலியாக வைக்க அப்பத்தா மறுத்தது ஏன்? உம் கருத்து யாது?
5. உம் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரின் குரலை, அவருடைய இசைவு பெற்று, ஒரு நிமிடம் பதிவு செய்க. அவர் வழங்கும் உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து எழுதுக.