பழவேற்காடு: முகத்துவாரம் திறந்திருந்தால்தான் தூண்டில்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் முதலில் டச்சுக் கல்லறைக்கு வழி கேட்பார்கள். அடுத்து, பூநாரை எந்தப் பக்கம் மேய்கிறது என்பார்கள். கிளம்பும்போது, நல்ல இறால் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். மூன்றுக்கும் பதில் சொல்லி அனுப்புவோம். ஆனால் இந்த ஏரியில் தூண்டில் போடுவதற்கென்று தலைமுறை தலைமுறையாக ஓர் அறிவு இருக்கிறது. அதை யாரும் கேட்பதும் இல்லை, எழுதி வைப்பதும் இல்லை. இந்த ஊரில் பிறந்தவன் என்ற உரிமையில் அதை நானே எழுதுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசம் போனது, இன்று திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. கோட்டையில் மிச்சம் புதரும் கல்லும்தான்.

ஏரி அப்படியல்ல. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தெற்கு முனை மட்டும் நம்முடையது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. தெற்கே ஆரணி ஆறு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து விடுகிறது. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூடக் கிடையாது. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் இந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் கடல் மீன்களின் குஞ்சுகள் வந்து வளர்கின்றன. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து பெருத்து, மறுபடி கடலுக்குப் போகும். கொடுவாயும் உப்பு கூடிய முகத்துவாரப் பக்கம் போய்த்தான் முட்டையிடும்.

இங்கே தூண்டில் போட வருகிறவன் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் வேகமாக இருக்கும், மீனும் நடமாடும். அஷ்டமி, நவமியை ஒட்டித் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். அன்றைக்கு இரை ஊறித்தான் போகும். கடலில் தண்ணீர் திரும்பியதும் ஏரியிலும் உடனே திரும்பிவிடாது. முகத்துவாரம் குறுகல் என்பதால் லைட்ஹவுஸ்குப்பம் பாலத்தடிக்கு அது வந்து சேரத் தாமதமாகும். இந்தக் கணக்கு தெரியாத வெளியூர்க்காரர்கள் செல்பேசியில் கடல் ஏற்றத்தின் நேரத்தைப் பார்த்துவிட்டு வந்து வெயிலில் காய்வார்கள். பக்கத்திலேயே கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் கால்நீட்டி உட்கார்ந்திருப்பார். சிறுவயதில் எங்களைப் போன்றவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி திரும்பட்டும்டா. அதுவரைக்கும் முள்ள நனைக்காத."

இனி இடங்கள். ஊரிலிருந்து லைட்ஹவுஸ்குப்பம் போகும் பாலத்தின் தூண்கள்தான் எல்லோருக்கும் தெரிந்த இடம். தூணைச் சுற்றிச் சிப்பி ஒட்டியிருக்கும். அந்த நிழலில் கொடுவாயும் செப்பிலியும் ஒதுங்கி நின்று, ஓட்டத்தில் அடித்துவரும் சின்ன மீனுக்காகக் காத்திருக்கும். முகத்துவாரத்தின் மணல் திட்டு கிழங்கானுக்கும் பாறை மீன் குஞ்சுக்கும் உகந்தது. ஆனால் வற்றத்தில் இழுப்பு கடுமையாக இருக்கும், பழகாதவர்கள் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஆரணி ஆறு கலக்கும் சேற்றுப் பக்கம் கெளுத்தியின் இடம். மழை வெள்ளம் இறங்கிக் கலங்கல் வரும்போது அங்கே காலா மீனும் ஏறும். மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரிப் பக்கம் போனால் கூட்டம் குறைவு.

இரை விஷயத்தில் ஊருக்குள் எத்தனையோ கட்சி உண்டு. உயிர் இறாலுக்கு மிஞ்சிய இரை இல்லை என்பது என் கட்சி. அதை முள்ளில் குத்துவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. இறாலின் தலை ஓட்டின் மேல் ரம்பம் போன்ற கொம்பு இருக்கும். ஓட்டுக்குள்ளே கருப்பாகத் தெரிகிற இடம்தான் அதன் உயிர்நிலை. முள் அதைத் தொடாமல், கொம்புக்குக் கீழே ஓட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சரியாகக் குத்திய இறால் நெடுநேரம் துடித்து நீந்தும். தவறாகக் குத்தினால் நொடியில் வெளுத்துச் செத்துவிடும். செத்த இறாலைக் கொடுவா சீந்தாது. ஓட்டம் வேகமாக இருந்தால் வாலில் குத்துவதும் உண்டு.

கிழங்கானுக்குச் சேற்றுப்புழு. வற்றத்தில் சேற்றைக் கிளறி எடுத்து, ஈர மணலோடு டப்பாவில் போட்டு நிழலில் வைக்க வேண்டும். சின்ன முள், மெல்லிய நரம்பு, அடிமணலில் உருண்டு நகரும் சிறு ஈயம். கெளுத்திக்குக் கோழிக்குடல் போதும். மடவை பாசியும் சேற்றுத் துகளும் தின்கிற மீன், சாதாரண இரைக்கு வராது. வீச்சு வலையில்தான் அதிகம் விழும். இருந்தாலும் மைதா மாவைப் பிசைந்து, கரையாமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சு சேர்த்துச் சிறு முள்ளில் பொட்டுப் போல ஒட்டினால் தக்கை அசையும். கணவாய்த் துண்டு எல்லாவற்றுக்கும் பொது. அதில் ஒரே தொல்லை கீச்சான். விரலளவு இருந்துகொண்டு இரையை முழுக்கக் கொத்தித் தீர்த்துவிடும். பேத்தை கடித்தாலோ நரம்பே அறுந்துவிடும். அது விஷ மீன். முள்ளில் வந்தால் கையால் தொடாமல் கழற்றி விட்டுவிட வேண்டும்.

எங்கள் கருவி எளியது. தண்ணீர் பாட்டிலிலோ கட்டையிலோ சுற்றிய தங்கூஸ் நரம்பு, நடுவே துளையுள்ள ஈயம், அதற்குக் கீழே ஒரு முழம் தடித்த நரம்பு, நுனியில் முள். அவ்வளவுதான். இப்போது இளைஞர்கள் ராடும் ரீலும் ரப்பர் மீனும் கொண்டுவருகிறார்கள். தூரம் வீச அது உதவும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீன் இரையைத் தொடும் சேதி கைத்தூண்டிலில்தான் விரலுக்கு நேரே வரும். கெளுத்தி அப்படியே கவ்விக்கொண்டு நகரும். கிழங்கான் இரண்டு முறை தட்டும். கொடுவா ஒரே மூச்சில் உறிஞ்சி இழுக்கும். உடனே சுண்டினால் வாயிலிருந்து இரை நழுவிவிடும். கொஞ்சம் நரம்பை விட்டுக்கொடுத்து, அது திரும்பும்போதுதான் சுண்ட வேண்டும்.

முள் பட்ட கொடுவா தண்ணீருக்கு வெளியே பாய்ந்து தலையை உதறும். அந்த நேரம் நரம்பு தொய்ந்தால் மீன் போய்விடும். நேரே தூணை நோக்கி ஓடும்; சிப்பியில் உரசினால் நரம்பு அறுந்துவிடும். கரைக்கு வந்த பிறகும் கவனம் தேவை. அதன் செவுள் மூடி சவரக் கத்தி போன்றது, கை வைத்தால் கிழித்துவிடும். கீழ்த்தாடையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கெளுத்தியின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்கள் குத்தினால் உயிர் போகிற வலி வரும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் தணியும்.

எதை விட்டுவிட வேண்டும் என்பதும் இந்த அறிவில் சேர்ந்ததுதான். கெளுத்தியில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். குஞ்சு வெளிவரும்வரை இரை தின்னாது. வாய் நிறைய முட்டையோடு ஒன்று மாட்டினால் அதைத் தண்ணீரில் விடுவதுதான் முறை. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரிய கொடுவாயை எல்லாம் பிடித்துத் தீர்த்தால் முட்டையிட ஆள் இருக்காது. குட்டிகளைப் பிடித்தால் பெரியதே வராது. நடுத்தரமான ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த ஏரி பலருடைய சோறு. குப்பத்து மீனவர்கள் பாடு முறைப்படி, யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்று தங்களுக்குள் வகுத்துக்கொண்டு தொழில் செய்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மீனவர்கள் கட்டிய வலைக்குப் பக்கத்தில் முள்ளை வீசுவது அவர்களுடைய பிழைப்பில் கைவைப்பது.

இனி இன்றைய நிலைமை. முதல் குறை முகத்துவாரம். கடல் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, வாய் தூர்ந்துகொண்டே போகிறது. முகத்துவாரம் மூடினால் ஏற்றமும் வற்றமும் நிற்கும். கோடையில் தண்ணீர் சுண்டி உப்பேறும். இறால் குஞ்சு உள்ளே வராது, கொடுவா வெளியே போகாது. ஒவ்வொரு முறையும் மீனவர்கள் கூடிக் கத்தி, மணலை வெட்டித் திறக்க, அடுத்த பருவத்தில் அது மறுபடி மூடிக்கொண்ட கதையைத்தான் இந்த ஊர் பார்த்திருக்கிறது. நிரந்தரக் கல்தடுப்புக்கான பேச்சு ஆண்டுக்கணக்கில் கோப்பிலேயே கிடந்தது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. காட்டுப்பள்ளியை மேலும் விரிவாக்கினால் கரை அரிப்பு கூடும் என்று இங்குள்ள குப்பங்கள் எத்தனை முறை எதிர்த்துச் சொல்லிவிட்டன!

இரண்டாவது குறை, வருகிறவர்களின் நடத்தை. 2011 டிசம்பர் 25 அன்று முகத்துவாரம் அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. ஆனால் பாதுகாப்பாக நின்று தூண்டில் போடவோ ஏரியைப் பார்க்கவோ ஒரு துறை, ஒரு கைப்பிடிச் சுவர், எச்சரிக்கைப் பலகை என்று எதுவும் முறையாக அமையவில்லை. குப்பைத் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் இன்றும் தேட வேண்டியிருக்கிறது. ஞாயிறு மாலை பாலத்தோரம் போனால் பிளாஸ்டிக் தட்டு, மதுப் புட்டி, அறுந்த நரம்பு. அந்த நரம்பு மட்காது. தண்ணீரில் நடந்து மேயும் பறவையின் காலில் சுற்றிக்கொண்டால் அது பட்டினி கிடந்து சாகும். பறவைகள் சரணாலயம் என்று அறிவித்துவிட்டு இதைக் கவனிக்க ஆள் வைக்காவிட்டால் அறிவிப்பால் என்ன பயன்?

அரசிடம் கேட்பது பெரிய விஷயமல்ல. முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்து வையுங்கள். அந்த வேலையில் மீனவர்களின் சொல்லைக் கேளுங்கள். பாலத்தருகே ஒரு நல்ல துறை கட்டிக்கொடுங்கள். தூண்டிலோடு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போங்கள், கட்டிய வலைக்கு அருகே வீசாதீர்கள், குட்டியை விட்டுவிடுங்கள், இரை இறாலைக் குப்பத்திலேயே காசு கொடுத்து வாங்குங்கள். தண்ணீர் எப்போது திரும்பும் என்று கேட்டால் எங்கள் ஊரில் சொல்லாதவர் கிடையாது. கேட்டுவிட்டு வாருங்கள்.